இலை போடாத மூன்று நாள்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெட்டி அடைக்கிற வேலை. மகள் ஜெர்மனியில் நர்ஸ். போன தடவை லீவுக்கு வந்தவள் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஷேர் ஆட்டோவை விட்டுப் பஸ்ஸில் போனால் அதில் ஒரு இலை போடலாம். கடைக்கு மஞ்சப்பை கொண்டுபோனால் ஒரு இலை. ஆளில்லாத அறையில் ஃபேனை அணைத்தால் ஒன்று. அவள் இலையும் என் இலையும் ஒரே மரத்தில் சேரும். நான் போட்டால் அங்கே அவள் போனில் மணி அடிக்குமாம்.

காற்றில் கரி கூடுகிறது, உலகம் சூடாகிறது என்பதெல்லாம் அவள் சொல்லிக் கேட்டதுதான். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே பஸ்ஸில் நசுங்கி வந்தேன்.

பக்கத்தில் பெட்டி அடைக்கிறவள் சிரிப்பாள். “தீபாவளிக்கு ஊரு பூராம் புகை போடுறதே நம்மதான். நீங்க பஸ்ல ஏறித்தானாக்கும் காத்து சுத்தமாகப் போகுது?”

அது பரவாயில்லை. ஆப் வருமுன் மகள் வாரத்தில் நாலு நாளாவது கூப்பிடுவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஒரு தடவை. இலை விழுந்தால் அம்மா நல்லாயிருக்கிறாள் என்று அவளுக்கு நிம்மதி. எனக்குத்தான் அவள் குரல் போயிற்று.

ஒரு நாள் போனில் சார்ஜ் இல்லாமல் இலை போடவில்லை. பொழுது சாய்ந்து சார்ஜ் ஏற்றியதும் கூப்பிட்டுவிட்டாள். “என்னம்மா, இன்னைக்கு இலையே காணோம்?” என்ன குழம்பு, முட்டுவலி எப்படி என்று அரை மணி நேரம் பேசினாள்.

அந்த ஆசைதான். அடுத்த திங்கட்கிழமை வேண்டுமென்றே போடவில்லை. அவள் கூப்பிடவில்லை. செவ்வாயும் இல்லை. காய்ச்சலோ, பனியில் வழுக்கி விழுந்தாளோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் இலையைத் தொடவில்லை.

புதன்கிழமை வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு ஆலையில் வெடி விபத்து. எங்கள் ஆலையில் காலையிலேயே போனைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் கைக்கு வந்தபோது திரை முழுக்க அவள் கூப்பிட்ட மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன். முதலில் அழுகைதான் கேட்டது.

“எங்கம்மா இருக்க?”

“கேட்டுல நிக்கேன். நம்ம ஆலை இல்லம்மா.”

“நியூஸ் பாத்துட்டு ஆப்பத் தொறந்தா மூணு நாளா இலை இல்ல. நான் என்னன்னு நெனைக்க?”

போன் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “வேணும்னுதான் போடல. போடலைன்னா நீ கூப்பிடுவேன்னு.”

மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், “திங்களும் செவ்வாயும் நைட் டூட்டிம்மா. ஆப்பப் பாக்கவே இல்ல. நீ ஒரு போன் போடக் கூடாதா?”

“நீ வேலையா இருப்பியேன்னு...”

“எடுக்கலன்னா வேலையா இருக்கேன். அம்புட்டுத்தான்.”

மறுநாள் வேலை விட்டதும் பஸ் ஸ்டாப்பில் நின்று கூப்பிட்டேன். இத்தனை மாதத்தில் நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல். மணி முழுக்க அடித்து நின்றது. வேலையாக இருக்கிறாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டேன்.