குளிரில் வெட்டிய முதல் தண்டு

மலையிறக்கத்தில் பேருந்து வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தபோது என் மடியில் இன்னும் தவழத் தொடங்காத மகள் இருந்தாள். பக்கத்து இருக்கையில் என் கொழுந்தனார் மடியில் ஓர் இரும்புத் தண்டு இருந்தது. இரண்டையும் நான்தான் பழைய வாயில் சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தேன். குழந்தைக்குக் காற்று படக் கூடாது, தண்டுக்கு ஈரம் படக் கூடாது. பெருமாள்மலை தாண்டுவதற்குள் மகள் இரண்டு முறை பாலைக் கக்கிவிட்டாள். காய்ச்சல் வந்துவிடுமோ, கிரைப் வாட்டர் பாட்டிலை எந்தப் பையில் வைத்தேன், இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே தப்போ என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவர் தன் மடியில் இருந்த இரும்பைத் தட்டிக் கொடுத்தபடி, "எம்புள்ளயப் பாருங்க அண்ணி, ஏறுனதுல இருந்து ஒரு சத்தம் இல்ல. வளப்பு அப்பிடி" என்றார். முன் இருக்கையில் இருந்த மாமா திரும்பிப் பார்த்து, "ஏலே, அதக் கீழ போட்டுறாத" என்றார். எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று தெரியாமல் நான் என் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் கொழுந்தனார் வத்தலக்குண்டு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. அட்டுவம்பட்டி ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒரு பட்டறை வைத்திருந்தார். கடைய ஒரு லேத், பட்டை வெட்ட ஒரு மில்லிங் மெஷின், துளை போட ஒரு டிரில்லிங் மெஷின். பெரிய தண்ணீர்ப் பம்புகளுக்கான உதிரிகள் செய்து கொடுப்பார்கள். என் கணவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவருக்கு இரும்பு என்றாலே தும்மல் வரும். பட்டறையை மாமாவோடு தாங்கி நின்றவர் கொழுந்தனார்தான். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் என்பதால், கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே மயிரிழைத் தடிப்பையும் அளக்கும் மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது: வெட்டுகிறவன் அளக்கக் கூடாது. தான் வெட்டியதைத் தானே அளந்தால் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் என்பார் மாமா. அதனால் கொழுந்தனார் வெட்டுவார், நான் அளப்பேன். அளக்கும்போது அவர் வெளியே போய் நிற்க வேண்டும். பனியில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டே, "என்ன அண்ணி, பாஸா பெயிலா?" என்று கத்துவார். நான் எதையும் ஒரு தடவை அளந்து நம்புகிறவள் இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அந்த வருடங்களில் பம்புக் கம்பெனிக்காரர்கள் கேட்ட தண்டுகள் சிக்கலாகிக்கொண்டே போயின. ஒரு முனை உருண்டையாக இருக்க வேண்டும், நடுவில் மையம் விலகிய ஒரு வளையம் வேண்டும், மறுமுனையில் நான்கு பட்டையும் சாய்வாக ஒரு துளையும் வேண்டும். எங்களிடம் அதை லேத்தில் ஒரு தரம், மில்லிங்கில் ஒரு தரம், டிரில்லிங்கில் ஒரு தரம் என்று மூன்று இடத்தில் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஒரு மயிரிழை நகரும். திருப்பி அனுப்பப்பட்ட தண்டுகள் கொட்டகை மூலையில் குவிந்தன. அப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு வியாபாரி, வெளிநாட்டில் இருந்து இறக்கிய பழைய மெஷின் ஒன்றை விற்கப் போவதாகத் தகவல் வந்தது. தண்டை ஒரே ஒரு முறை மாட்டினால் போதும். கடைவதும், பட்டை வெட்டுவதும், துளை போடுவதும் எல்லாம் அதுவே செய்யும். பாரமான வேலைக்கென்றே கட்டியது. தண்டு அளவில் நின்றால் தொடர்ந்து வேலை தருவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். வங்கியிலும் கடனுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

கொழுந்தனாருக்குத் துபாயில் வேலை தயாராக இருந்தது. ஏஜெண்டு பதிலுக்குக் காத்திருந்தான். அவருக்குப் போக மனமில்லை. மெஷின் வந்தால் மலையிலேயே இருந்துவிடலாம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். புறப்படுகிற அன்று காலையில் அத்தை என் கையைப் பிடித்து, "நல்லாப் பாத்துட்டு வா தாயி" என்று மட்டும் சொன்னார்கள். மெஷினைத்தான் சொன்னார்களா என்று நான் வழியெல்லாம் யோசித்தேன்.

மெஷின் பார்ப்பதிலும் மாமாவுக்குச் சட்டங்கள் உண்டு. விற்கிறவன் வெட்டிக் காட்டும் இரும்பை நம்பக் கூடாது. நம் இரும்பை நாமே கொண்டுபோக வேண்டும். அதனால்தான் மடியில் ஒரு தண்டு, மாமாவின் காலடியில் சாக்கில் இன்னொரு தண்டு. இரண்டாவது சட்டம், வெள்ளனே போய், மெஷின் குளிர்ந்து கிடக்கும்போது முதல் வெட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் மலையில் எல்லாக் காலையும் குளிர்தான். குளிரில் வெட்டத் தெரியாத மெஷின் நமக்கு எதற்கு என்பது அவர் கணக்கு. அவர் வாங்கிய மூன்று மெஷின்களையும் அப்படித்தான் பார்த்து வாங்கினார். மூன்றும் அவரை ஏமாற்றியதில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் அந்தக் கொட்டகையில் இருந்தோம். மெஷினைப் பார்த்ததும் நான் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். எங்கள் வீட்டுச் சமையலறையும் கூடமும் சேர்ந்த நீளம் இருக்கும். பச்சை எழுத்து மின்னும் ஒரு சின்னத் திரை வேறு. வியாபாரியின் மெக்கானிக் நல்ல மனுஷன். "சார், ஒரு அரை மணி நேரம் சும்மா ஓட விட்டுருவோம். அப்புறம் வெட்டுங்க" என்றார். மாமா என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். கொழுந்தனார் மெக்கானிக்கின் தோளில் கைபோட்டு, "அண்ணே, பொண்ணு பாக்க வந்துருக்கோம். பவுடரெல்லாம் போட வேணாம், தூங்கி எந்திரிச்ச மொகத்தோட காட்டுங்க" என்றார். மெக்கானிக் ஏதோ சொல்ல வந்தார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டு விலகிக்கொண்டார்.

அந்தத் தண்டு வெட்டப்பட்டதை நான் இப்போதும் பார்க்கிறேன். இரும்பு சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. உருண்டை முடிந்ததும், தண்டை யாரும் தொடாமலே, அது நின்று, கொஞ்சம் திரும்பி, மறுபடி நின்றது. மேலிருந்து இன்னொரு வெட்டி இறங்கிப் பட்டையைச் சீவியது. பிறகு தலை சாய்ந்து துளை போட்டது. கொழுந்தனார் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் தடவை ரயில் பார்க்கிற பிள்ளை மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது. "அண்ணி, கல்யாண வீட்டுல ஒரே ஆளு சமையலும் பண்ணி, பந்தியும் வச்சு, நாதஸ்வரமும் ஊதுற மாதிரில்ல இருக்கு!" என்று சத்தத்துக்கு மேல் கத்தினார். மாமாகூடப் பல்லைக் காட்டிவிட்டார்.

பிறகு சட்டப்படி கொழுந்தனார் வெளியே போனார். நான் மகளுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்து, மாமாவிடம் தந்துவிட்டு, கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினேன். சூட்டோடு இரும்பை அளக்கக் கூடாது என்று படித்திருந்ததால் தண்டு நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். உருண்டை சரி. வளையம் சரி. பட்டை சரி. உருண்டை முடிகிற விளிம்பில் இருந்து சாய்ந்த துளைவரையான தூரத்தில் பிசகியது. ஒரு தலைமுடியின் தடிப்புக்கும் குறைவுதான், ஆனால் கம்பெனி விடும் அளவைத் தாண்டியிருந்தது. கருவியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். மூன்றாம் தடவை உட்கார்ந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. வெளியே இருந்து அன்று அவர் கத்தவில்லை. நான் வாசலுக்குப் போனதும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "எத்தன தடவ பாத்தீங்க?" என்றார். "மூணு தம்பி." தானே ஒரு தடவை அளந்து பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான்.

"இன்னொரு தண்டையும் வெட்டிப் பாக்கலாமா மாமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "மொத தண்டே பிசகுனா ரெண்டாவத எதுக்கும்மா வீணாக்கணும்?" என்றார் மாமா. நான் கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் மெஷின் பக்கம் பார்க்காமல், "அப்பா சொல்றது சரிதான் அண்ணி. நமக்கு வெரசா பஸ்ஸப் பிடிக்கணும்ல" என்றார். வெட்டாத தண்டு சாக்கோடு மறுபடி மலையேறியது. அந்த மாதமே அவர் துபாய்க்குப் போனார்.

ஒரே ஒரு முறை விடுமுறையில் வந்தார். கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு பிற்பகல், கொட்டகைக்குப் பின்னால் நான் மகளின் ஈரத் துணிகளைக் கரியடுப்பின் மேல் பிடித்து உலர்த்திக்கொண்டிருந்தேன். துணி கருகுகிறதா காய்கிறதா என்று பார்ப்பதிலேயே என் கவனம் இருந்தது. அவர் வந்து பக்கத்தில் குந்தினார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அனலில் கையைக் காட்டிக்கொண்டே, "அங்கயும் அந்த மாதிரி மெஷினுலதான் வேல பாக்குறேன் அண்ணி" என்றார். "காலைல போனதும் அரை மணி நேரம் சும்மா ஓட விடுவோம். அப்பறந்தான் இரும்பையே மாட்டுவோம். அதோட ஒடம்பு சூடாகி நீண்டு ஒரு நெலைக்கு வரணுமாம். வந்துருச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி பிசகாது. சேந்த மொத நாளே சொல்லிக் குடுத்துட்டான்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எங்கள் பழைய லேத்தில் மனிதன் சக்கரத்தைக் கையால் திருப்புகிறான். குளிரோ சூடோ, கை அதற்குத் தக்கபடி விட்டுக் கொடுக்கும். அந்த மெஷினுக்குக் கை இல்லை. முதல் தண்டைக் கடையத் தொடங்கியபோது குளிர்ந்து கிடந்த மெஷின், துளை போடும்போது சூடாகி நீண்டிருந்தது. தண்டு ஆறட்டும் என்று காத்திருந்த எனக்கு, மெஷினும் இரும்புதானே என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா, தெரியவில்லை. மெக்கானிக் சொன்னபடி ஓட விட்டு வெட்டியிருந்தால் இரண்டாவது தண்டு சரியாக வந்திருக்கும்.

"ஏன் தம்பி ஒரு வார்த்த எழுதல?" என்றேன்.

"எழுதி? அப்பா தாங்குவாரா?" என்றார். "பவுடர் போடாதன்னு சொன்னவன் நாந்தான். நீங்க அளந்தது சரி அண்ணி, அத நெனச்சு மருகாதீங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க." பிறகு என் கையில் இருந்த துணியை வாங்கித் திருப்பிப் பிடித்து, "இந்தப் பக்கம் கருகுது பாருங்க" என்றார்.

அவர் திரும்பிப் போன அடுத்த கோடையில், அங்கே அவரையும் மற்ற வேலையாட்களையும் ஏற்றிச் சென்ற வண்டி கவிழ்ந்தது. அவர் உடல் இருந்த பெட்டி மெட்ராஸ் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வேனில் மலையேறியது. மாதா கோயில் வாசலில் மாமா பெட்டியின் ஒரு மூலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இருந்தது.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு இருமல் வந்தால் நான் இன்னமும் மூன்று தடவை தெர்மாமீட்டர் வைக்கிறேன். பட்டறையில் கவுஞ்சி, போளூர்க்காரர்கள் கொண்டுவரும் மருந்தடிக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பதோடு சரி. மற்றச் சோலி எதுவும் இல்லை. சில நாள் மதியம் மாமா சாப்பிட வராமல் கொட்டகையிலேயே உட்கார்ந்திருப்பார். நான் போய்க் கூப்பிடுவேன். எழுந்திருக்க மாட்டார்.

"ஏம்மா, அந்தக் கோயம்புத்தூரு மெஷினு சரியில்லதான?"

"சரியில்ல மாமா."

"நீதான அளந்த?"

"நாந்தான் மாமா."

"வாங்கியிருந்தா அவன் இங்க கெடந்துருப்பான்."

"வாங்கியிருந்தாலும் தண்டெல்லாம் திரும்பி வந்துருக்கும் மாமா. கடன்ல முழுகியிருப்போம்."

பொய் சொல்லக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, இது சரியா, அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைப்பதற்குள் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். நான் தட்டை வைக்கிறேன். அவர் சாப்பிடுகிறார்.