காற்றைக் குடிக்கிற மாப்பிள்ளை

முகக்கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்துவிட்டால் தண்ணீருக்கடியில் அதில் ஆவி படியாது. கடலுக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். என் மாப்பிள்ளையும் படகின் ஓரத்தில் உட்கார்ந்து துப்பிப் பார்ப்பார், வராது. பயத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பேசாமல் கண்ணாடியை மனைவியிடம் நீட்டுவார். அவளும் பேச்சை நிறுத்தாமல் அவருக்கும் சேர்த்துத் துப்பிக் கொடுப்பாள். இவரைப் போன்ற பயந்தாங்கொள்ளி ஏழு கடலிலும் கிடையாது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஏழு கடலை நான் எங்கே கண்டேன்? சரி, இந்த ஒரு கடலில் கிடையாது.

உத்தியோகம், லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது. எத்தனை மாடிக் கட்டடமானாலும் வேலை முடிந்ததும் படியில்தான் இறங்கி வருவார். "நீங்களே நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்ட லிஃப்ட்தானே மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதான் அத்தை பயம். உள்ள என்னென்ன நட்டு எங்கெங்க இருக்குன்னு எனக்கில்ல தெரியும்!"

வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அந்தப் பூட்டுக்கு வாயிருந்தால் அழுதிருக்கும்.

இவருக்கு வாய்த்தவள் என் பெண். வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். சனிக்கிழமை வந்தால் காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சுறா நடமாடும் பவளப்பாறையில் இறங்குவாள். அங்கே யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்கவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் கேட்ட அன்றைக்கே மாப்பிள்ளை நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டார். நானும் கூடப் போவேன். துண்டுகளுக்கும் செருப்புகளுக்கும் படகில் காவல்.

பயந்தவன் காற்றை மடக்கு மடக்காகக் குடிப்பான் என்று நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளை கீழே போன கொஞ்ச நேரத்திலேயே அவருடைய காற்று மீட்டரில் ஊசி சிவப்புக்கு வந்துவிடும். ஒருவருக்குக் காற்று குறைந்தால் இருவரும் ஏறியாக வேண்டும். சுறாக்கள் ஓய்வெடுக்கும் பாறை இடுக்கை எட்டிப் பார்க்க என் பெண்ணுக்குக் கொள்ளை ஆசை. பாதி வழி போவதற்குள் இவர் ஏறுவோம் என்று கட்டை விரலை மேலே காட்டிவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு அசைந்ததெல்லாம் சுறா.

கடைசியில் பயிற்சி மாஸ்டர் சொல்லிவிட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. அடுத்த வாரமும் சீக்கிரம் ஏறிட்டீங்கன்னா, இனிமே மேடம் என்கூட இறங்கட்டும். நீங்க அம்மாவோட படகுல இருங்க."

அந்த வாரம் முழுக்க மாப்பிள்ளை துணி மாட்டும் கிளிப்பை மூக்கில் செருகிக்கொண்டு, சோபாவில் படுத்து வாயால் மெதுவாக மூச்சுவிட்டுப் பழகினார். "உயிரோடதானே இருக்கீங்க?" என்று நான் அவ்வப்போது விசாரித்துக்கொண்டேன்.

"எதுக்கு மாப்பிள்ளை இந்த வம்பு? பேசாம மேலயே இருந்துடுங்களேன்."

கிளிப்பைக் கழற்றினார். "கீழ இருந்தா சுறாவுக்கு மட்டும்தான் அத்தை பயப்படணும். மேல இருந்தா எல்லாத்துக்கும் பயப்படணும்."

சிரித்தேன். சனிக்கிழமைதான் புரிந்தது.

அன்று கடல் கலங்கிக் கிடந்தது. இருவரும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். மாஸ்டர் படகிலேயே இருந்தார். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் குமிழிகள்தான். குமிழி வந்தால் மூச்சு இருக்கிறது. அருகருகே இரண்டு கொத்துகள், நிதானமாக, விட்டுவிட்டு வந்தன. பாறை இடுக்கு இருக்கும் பக்கம் போயின. மாப்பிள்ளை தேறிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று ஒரு கொத்து உலை மாதிரிக் கொதிக்க ஆரம்பித்தது.

"சார் ஆரம்பிச்சுட்டாரு" என்றார் மாஸ்டர்.

அப்போது படகுக்கு அடியில் ஒரு நிழல் போனது. படகைவிட நீளம். இல்லை, பாதிப் படகு இருக்கும். அவசரமே இல்லாமல், தன் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல், நேரே குமிழிகளை நோக்கிப் போனது. இரண்டு கொத்துகளும் நெருங்கின. நெருங்கி ஒன்றாகிவிட்டன. இரண்டு மூச்சுக்கு ஒரே கொத்தா? இல்லை, ஒரே மூச்சுதான் மிச்சமா?

"அம்மா, கத்தாதீங்க."

"நான் எங்கப்பா கத்தினேன்?"

"இப்பத்தான்."

ஆனால் சொல்லிக்கொண்டே அவரும் காலில் துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பட்டை கொக்கியில் மாட்டாமல் இரண்டு தடவை நழுவியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கடவுள் பெயர்கூட மறந்துபோனது.

கொத்து மெல்லப் படகை நோக்கி வந்தது. ஒரு தலை. நான் மூச்சை விடவில்லை. பக்கத்திலேயே இன்னொரு தலை. மாப்பிள்ளையின் கை என் பெண்ணின் தோள்பட்டை வாரை இறுகப் பற்றியிருந்தது. படகில் ஏற்றிய பிறகும் விடவில்லை.

"சார், சொன்னேன்ல..." என்று தொடங்கினார் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர், நான்தான்" என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "சுறா நேரா வந்துச்சா, இருந்த காத்தை மொத்தமா குடிச்சுட்டேன். இனிமே இவ உங்ககூடவே இறங்கட்டும்."

"எனக்குத் தெரியாதா?" என்றேன் நானும், போன உயிர் திரும்பிய தெம்பில். "மாப்பிள்ளை கல்யாணத்தன்னிக்கே மண்டபத்துக் காத்தையெல்லாம் குடிச்சுத் தீர்த்தவராச்சே!"

என் பெண் சிரிக்கவில்லை. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"சும்மா இரும்மா. அவர் பொய் சொல்றார்." தன் மீட்டரை எடுத்து மாஸ்டர் கையில் வைத்தாள். ஊசி சிவப்பையும் தாண்டிப் படுத்துக் கிடந்தது. "சுறாவைப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. மூச்சு இரைச்சுது. இவர்தான் கட்டிப் பிடிச்சு மேல கொண்டாந்தார். இவரோடதைப் பாருங்க மாஸ்டர்."

மாப்பிள்ளை தன் மீட்டரை மார்போடு அழுத்தி, உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவள் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அந்தக் கையை விரல் விரலாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.