ஆடி போகட்டும் என்று நான் சொன்னது

எங்களைக் காத்து நிற்கும் முனியாண்டி ஐயாவை முதலில் கும்பிட்டுக்கொள்கிறேன். அண்ணனின் முதலாம் ஆண்டு திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் எழுதுகிறேன். மூன்றாம் பாரம் வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படிப்பும் அண்ணன் கொடுத்தது.

அண்ணன் மலாக்காவில் பெம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். ஓர் ஆடி மாதத்தில் அப்பா ஆசைப்பட்டுப் புது சைக்கிள் ஒன்று எடுத்தார். ஆவணி பிறக்கும் முன்னே காய்ச்சல் கண்டு போய்விட்டார். அதன்பிறகு அம்மா ஆடி மாதத்தில் புது விளக்குமாறு கூட வாங்கியதில்லை. அம்மாவின் அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை.

அப்போது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துப் பட்டறையில் சேர்ந்தார். சாமான் கழுவும் வேலையில் தொடங்கி, டிராக்டர், லாரி எல்லாம் அவர் கைக்கு வந்தன. எண்ணெய்க் கோலை இழுத்து முகர்ந்து பார்த்தே தண்ணீர் கலந்திருக்கிறதா, டீசல் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். எனக்குத் திருமணம் செய்துவைத்த பிறகுதான் தான் திருமணம் செய்துகொண்டார். ஊர் வழக்கத்துக்கு அது மாறானது. கேட்டவர்களிடம், "அவனுக்குச் சமைக்கத் தெரியாதுலா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார்.

கோயிலுக்கு வருவார். ஆனால் திருவிழா நாளில் அவரைத் தேட வேண்டுமானால் ஜெனரேட்டர் பக்கம் போக வேண்டும்.

தோட்டம் வீடமைப்புக்காரர்களுக்குக் கைமாறியபோது நாங்கள் டுரியான் துங்காலுக்கு வந்தோம். இரண்டு தெரு தள்ளித்தான் இரு குடும்பமும். நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குப் போனேன். அண்ணன் மண்வேலை குத்தகைக்காரர் ஒருவரிடம் மெக்கானிக்காகச் சேர்ந்தார்.

அந்த முதலாளியின் இடத்தில் லாலான் புல்லுக்கு நடுவில் ஒரு சின்ன லோடர் கிடந்தது. முன்னால் ஒரு மண்வாளி, நடுவில் ஓர் ஆள் மட்டும் உட்காரும் கூண்டு, நான்கு சக்கரம். ஒரு பக்கத்துச் சக்கரங்களை நிறுத்தி மறுபக்கத்தை ஓடவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும். பல வருடம் மழையில் நனைந்து செத்துப்போன வண்டி. "வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போ" என்றார் முதலாளி. அண்ணன் வீட்டு வேலிக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதை லாரியில் கொண்டுவந்து பின்புறம் இறக்கினார்.

அண்ணி என்னைப் பார்த்ததும் சொன்னார்: "கோழிக்கூண்டு ஒண்ணு கட்டித் தாங்கன்னு கேட்டேன் தம்பி. உங்க அண்ணன் செத்த யானையைக் கொண்டாந்து போட்டிருக்காரு."

"யானை செத்தாலும் ஆயிரம் பொன்னு, தெரியாதா?" என்றார் அண்ணன்.

இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டிக்கே போயின. இஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. உள்ளே எண்ணெயை ஊற்றிவைத்து, தினமும் வேலை விட்டு வந்ததும் பெரிய ஸ்பேனரை மாட்டி ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். அடித்து உடைக்கவில்லை. நாற்பது நாளுக்கு மேல் அப்படிச் செய்தார். ஒரு மாலை சட்டையெல்லாம் எண்ணெயோடு வீட்டுக்குள் வந்து, "அசைஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னாராம். வீடுதான் அசைந்துவிட்டதோ என்று அண்ணி பயந்துபோய்ச் சுவரைப் பார்த்தாராம்.

எலி கடித்த வயர்களை மாற்றினார். சக்கரங்களை ஓட்டும் சங்கிலிகளைக் கழற்றி டீசலில் கழுவினார். வாளியின் அடித்தகடு தேய்ந்திருந்ததால் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். "நாப்பது வருசமா அடுத்தவன் வண்டியைத்தான் ஓட்டியிருக்கேன் தம்பி. இதை எடுத்ததும் முதல் மண்ணு கோயிலுக்கு. பின்னால மேடா கெடக்குல்ல, அதைச் சமமாக்கிக் குடுத்துட்டுத்தான் வெளி வேலைக்குப் போவேன்" என்றார். ஜெனரேட்டர் பக்கம் நிற்கிறவர் வாயிலிருந்து இதைக் கேட்டு நான் மகிழ்ந்து போனேன்.

கடைசியாக, பழுதுபார்க்கக் கொடுத்திருந்த டீசல் பம்ப் வந்து சேர்ந்தது. அண்ணன் அதைப் பூட்டி முடித்தபோது ஆடி பிறந்து மூன்று நாள்.

"பேட்டரிய மாட்டிச் சும்மா ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்லா. ஓட்டல. சத்தத்த மட்டும் கேட்டுட்டு நிறுத்திடுறேன்."

"வேணாண்ணே. ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் ஐயாவுக்குப் பூச போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு எடுப்போம்."

"இஞ்சினுக்கு ஆடி என்னா, ஆவணி என்னா? டீசல் ஊத்துனா ஓடும்."

"அப்பா சைக்கிளும் மிதிச்சா ஓடுச்சிதான்" என்றேன்.

 அண்ணன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் உயிருக்குப் பயந்துதான் சொன்னேன். ஆனாலும் அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"சரி. ஆவணி ஒண்ணு. அதுக்கு மேல ஒரு நாள் கேட்டீன்னா, உன்னைத்தான் வாளியில உக்கார வச்சு ஓட்டுவேன்" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வீட்டு மலாய்க்காரர் பாக் மாட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பீலா ஜாலான்?" என்று தினமும் கேட்பார், எப்போது ஓடும் என்று. "என் தம்பி மேலிடத்தில் லைசென்ஸ் கேட்டிருக்கிறான், இன்னும் வரவில்லை" என்று மலாயில் சொல்லி அண்ணன் அவரைச் சிரிக்கவைப்பார்.

நான்காம் ஆடி வெள்ளி. நான் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையில் வண்டிமேல் மூடியிருந்த கித்தானை எடுத்துத் துடைத்துவிட்டு உள்ளே வந்த அண்ணன், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். பாக் மாட்தான் தன் வேனில் மலாக்கா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார். என்னைப் பார்த்து, "ஆவணிக்கு இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டார்.

"ஒம்போது நாள்ண்ணே."

"பரவால்ல. பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் போட்டு வையி."

சார்ஜ் போட்டுவைத்தேன். அதற்கு மறுநாள் காலை அண்ணன் இறைவனடி சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணியிடம் ஒன்று கேட்டேன். ஆம் என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசையில்தான் கேட்டேன்.

"அண்ணி, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்துல அண்ணன் ஒரு தரமாச்சும் ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருப்பாரா?"

"நானே சொன்னேன் தம்பி. உங்க தம்பி குருபோங்ல இருக்காரு, இங்க போடுற சத்தம் அங்கியா கேக்கப் போகுதுன்னு. 'அவன்கிட்டச் சரின்னு சொல்லிட்டேன், விடு'ன்னுட்டாரு."

சாமி நம்பிக்கை அவருக்குக் குறைவு என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல்லை ஆளில்லாத இடத்திலும் காத்தவர் அவர். ஆடி மாதத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இப்போதும் பஞ்சாங்கம் பார்க்கிறவன்தான். சாமி கேட்காததைச் சாமி பேரைச் சொல்லி அண்ணனிடம் நான் கேட்டுவிட்டேன். அதற்கு ஐயாவிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணனிடம் கேட்க வழியில்லை.

அண்ணனை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பாக் மாட் குடும்பத்தாருக்கும், கூடாரம் போட்டு நாற்காலிகளும் அனுப்பிய அண்ணனுடைய முதலாளிக்கும், பாடை சுமந்த பட்டறை நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட கோயில் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்னும் ஒன்று. இன்றைய திதியும் ஆடியில்தான் வந்திருக்கிறது. "நல்ல நாள் பாத்தது போதும் தம்பி, அன்னிக்கே வண்டிய எடுத்துடுவோம்" என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் யாரும் கிளம்பிவிடாமல் வீட்டின் பின்புறத்துக்கு வாருங்கள். பட்டறை நண்பர்கள் டீசல் ஊற்றி, பேட்டரி மாட்டிவைத்திருக்கிறார்கள். அண்ணிதான் சாவியைத் திருப்புவார். தாலி இழந்தவர் முதல் கை வைக்கலாமா என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள். அவர் காதில் விழ வேண்டாம்.

ஓடுமா என்று எனக்குத் தெரியாது. ஓடாவிட்டால் அண்ணனின் கைவேலையைக் குறை சொல்லாதீர்கள். அவர் சரியாகத்தான் பூட்டினார். நிறுத்திவைத்தவன் நான்.