சிவப்பு நூல் கட்டிய இலைகள்

கேமரா போனே அதிசயமாக இருந்த காலம். தாவரவியல் ஆராய்ச்சிக்காக, இலையைக் கிள்ளாமலே பச்சையத்தை அளக்கும் கருவியொன்றைச் செம்பாக்கம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். துணிக்குப் போடும் கிளிப் போல இலையைக் கவ்வினால் எண் காட்டும். ஒரு கீறல்கூட விழாது.

பக்கத்து வீட்டு அக்காவின் கறிவேப்பிலை மரத்தில் பத்து இலைகளை அளந்தேன். வாராவாரம் அதே இலைகளை அளக்க, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன்.

அடுத்த வாரம் போனால் ஒரு நூலும் இல்லை.

"அக்கா, என் இலைங்க எங்க?" என்று கத்தியே விட்டேன்.

"நீ மெஷின் வெச்சுப் பாத்து, நல்ல இலைக்கு அடையாளம் போட்டிருக்கேன்னு நெனச்சேன்டி! அதான் பறிச்சு உங்கம்மாகிட்ட குடுத்தேன்."

கடுப்போடு வீட்டுக்கு வந்தேன். அம்மா ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். அந்த மணத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

எப்போதும் கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குகிற நான், அன்று ஒன்றுவிடாமல் மென்று தின்றேன்.