மூன்று துண்டுப் பாஸ்வேர்டு

அன்று அறையில் இருந்தவர்கள்: அண்ணன். தம்பி. அண்ணன் மனைவி, எனக்கு மதினி. நடுவில் நான்.

அருப்புக்கோட்டையில் அண்ணன் தம்பி எங்கள் மூவருக்கும் பொதுவாக விசைத்தறி. சேலை பார்டர் டிசைன் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். தீபாவளிக்கு முன் ஒரு டிசைன் வெளியே போனால் பாளையம்பட்டிக் கடையில் அதே சேலை தொங்கும். அந்த வருஷம் போச்சு. ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. குலசாமி கோயில் உண்டியலுக்குப் பங்காளிகள் மூன்று பூட்டுப் போட்டிருக்கிறோம். அதேபோலப் பாஸ்வேர்டை மூன்று துண்டாக்கினோம். ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். யோசனை என்னுடையது. எட்டாவது வரை படித்தவன்.

மதினிக்குத் துண்டு கிடையாது. பில் போட மட்டும் தனி வழி. டிசைன் பக்கம் அவருக்குத் திறக்காது.

புது பார்டரை எடுத்தால்தான் அன்று தறி ஓடும். அண்ணன் அடித்தார். தம்பி அடித்தான். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். என் துண்டு எனக்கு மறந்துவிட்டது.

எதையோ அடித்தேன். தப்பு என்றது. அவர்கள் அடித்ததுதான் தப்பு என்றேன். மறுபடி மூவரும் அடித்தோம். மறுபடியும் தப்பு. பிறகு டிசைன் பக்கமே பூட்டிக்கொண்டது.

"எலே, ஒந்துண்டு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

நான் கீபோர்டைத் துடைத்தேன்.

மதினி தன் வழியில் உள்ளே போனார். பில் அடிக்கும் பிரிண்டரின் சாப்ட்வேரில் 'ரிப்பேர்' என்று ஒரு பட்டன். அமுக்கினார். பாஸ்வேர்டே கேட்கவில்லை. வந்த ஜன்னலில் ஒரு நீல எழுத்தைத் தொட்டார். அதன் வழியாகப் போனால் எங்கள் டிசைன் எல்லாம் வரிசையாக இருந்தது.

எத்தனை நாளாகத் தெரியும் என்று தம்பி கேட்டான்.

"பிரிண்டர் வந்ததுலருந்து. ரெண்டு தீவாளி போச்சு. ஒரு டிசைனு வெளிய போச்சா கொழுந்தனாரே?"

போகவில்லை. தறி ஓடியது.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்து விளக்கினார். பிரிண்டரை இன்ஸ்டால் செய்ய நாங்கள் மூவரும் அடித்துக் கொடுத்த அதிகாரம் அதனிடமே இருக்கிறதாம். ரிப்பேர் என்றால் அதே அதிகாரத்தோடு ஓடும். அது திறக்கிற ஜன்னலுக்கும் அதே அதிகாரம். வாசலில் மூன்று பூட்டுத் தொங்குகிறது. வீடு கட்டியபோது கொத்தனார் போட்ட சாரம் மாடிவரை அப்படியே நிற்கிறது.

புது சாப்ட்வேர் ஏற்றி அந்த வழியை அடைத்தார். இனிப் பாஸ்வேர்டு யார் வைப்பது என்று கேட்டார். மதினி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"திரும்பி நில்லுங்க."

சுவரைப் பார்த்து நின்றவர்கள், மூன்று பேர்.