முள்செடிக்குச் சாம்பிராணி

ஓமான் நாட்டுச் சலாலாவில் மஹ்மூதின் தோட்டத்து வேலியோரம் நின்ற காட்டு அன்னாசிகளைத் தொட்டவன், கையில் ரத்தம் பார்க்காமல் திரும்பியதில்லை. இலையின் இரு விளிம்பிலும் கொக்கி கொக்கியாக முள். கப்பலில் வந்த யாரோ ஒருவன், பழம் தரும் என்று சொல்லி மஹ்மூதின் தலையில் கட்டிவிட்டுப் போன கன்றுகள் அவை.

அவற்றை நட்டவன் சோலைமுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவன். நட்ட அன்றுதான் மனைவி சரசுவின் கடிதம் வந்தது. பெண் குழந்தை, தாமரை என்று பெயர். அன்றிலிருந்து அவன் மனசுக்குள் செடிக்கும் பிள்ளைக்கும் ஒரே வயது.

இரண்டு வருஷம் முடிந்து அவன் லீவு கேட்டு நின்றபோது, மஹ்மூது அந்தச் செடிகளைக் காட்டிச் சிரித்தார்.

"பழம் மாஃபி, லீவு மாஃபி."

பழம் இல்லையென்றால் லீவும் இல்லை என்று விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பாஸ்போர்ட் அவருடைய பெட்டியில் அல்லவா இருந்தது? பெற்ற மகளின் முகம் பார்க்காதவனுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எரு வைத்தான், மண்ணைக் கிளறிவிட்டான். செடிகள் முள்ளைத்தான் வளர்த்தன.

கண் பட்டிருக்கும் என்று கடைசியில் முடிவு கட்டினான். மஹ்மூதின் தாயார் ஹாலிதா தினமும் வீட்டில் சாம்பிராணி போடுவார். அவரிடம் ஒரு பிடி கேட்டு வாங்கினான். வெள்ளிக்கிழமை காலையில் முதல் செடியின் பக்கத்தில் தணல் சட்டியை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய கூடையால் மூடினான். ஊரில் தாமரைக்குத் தலைக்கு ஊற்றி, சரசுவும் இந்நேரம் இப்படித்தான் புகை காட்டிக்கொண்டிருப்பாள்.

கூட வேலை பார்த்த பழனிச்சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏப்பா முத்து, அப்படியே மையும் வச்சு விட்டுரு."

எட்டு வெள்ளிக்கிழமை இப்படியே போயிற்று. அடுத்த வாரம் செடிக்குள் எட்டிப் பார்த்தான். நடுக்குருத்து ரத்தமாய்ச் சிவந்திருந்தது. தணலால் கருக்கிவிட்டோமே என்று அங்கேயே குந்திவிட்டான். பிறகு தானே போய், அரைகுறை அரபியில் மஹ்மூதிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இது தணல் கருக்கியதல்ல, நோய்; மற்ற செடிகளுக்கும் பரவும், பிடுங்கி எறி என்றார் அவர். ஹாலிதாதான் குறுக்கே வந்தார். காய்ச்சல் வந்த பிள்ளையை யாராவது வீதியில் போடுவார்களா என்று மகனைக் கேட்டார். செடி தப்பியது.

பத்து நாளில் அந்தச் சிவப்புக்கு நடுவே இளஞ்சிவப்புப் பூக்கள் எட்டிப் பார்த்தன. வந்தது நோயல்ல, பூக்கப் போகிற செடியின் நிறம். சில மாதத்தில் கட்டைவிரல் பருமனில் மஞ்சள் பழங்கள் கொத்தாகத் திரண்டன. புகை காட்டாத மற்ற செடிகள் அப்படியே நின்றன.

மஹ்மூது ஒன்றை உரித்துக் கடித்தார். புளிப்பில் கண்ணில் நீர் வந்தது. நாக்கு சுருசுருவென்று அரித்தது. ஆனாலும் இன்னொன்றைத் தின்றார். பிறகு உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டுடன் திரும்பினார். சோலைமுத்து அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கிளம்பும் அன்று பெட்டிக்குள் தாளில் சுற்றிய நான்கு பழமும், தாமரைக்கென்று ஹாலிதா கொடுத்த சாம்பிராணிப் பொட்டலமும் இருந்தன. பெட்டியைத் தூக்கி வந்த பழனிச்சாமி வேலியோரம் நின்றான்.

"நீ போயி புள்ளைக்குப் புகை காட்டு முத்து. ரெண்டாவது செடிக்கு நான் காட்டுறேன்."

அவனுக்கும் லீவு கிடைக்க வேண்டியிருந்தது.