விளிம்பில் மினுங்கிய புள்ளி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, எங்கள் ஊரான திருத்தணியிலிருந்து சென்னையிலுள்ள ஆய்வகத்துக்கு நான் தனியாகப் போன மின்சார ரயிலில் நடந்தது இது. பெட்டியில் பாதிப் பேர் மலையிலிருந்து இறங்கியவர்கள். மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்திருந்தது. முந்தின நாள் என் அப்பாவும் மொட்டை போட்டிருந்தார். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மகள் ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவர் செலுத்திய வேண்டுதல் அது.

ஆராய்ச்சியில் எனக்கு அது ஆறாவது ஆண்டு. பல லட்சம் நட்சத்திரங்கள் பந்துபோல நெருங்கிக் கிடக்கும் கொத்துகளில், செத்துச் சுருங்கிய நட்சத்திரத்தின் மிச்சமான நியூட்ரான் நட்சத்திரத்தைத் தேடுவது வேலை. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து அது பொருளை இழுக்கும்போது வரும் எக்ஸ் கதிரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று எப்போதோ எடுத்துவைத்த பதிவுகளை இறக்கி, ஒவ்வொரு புள்ளியாகப் பார்ப்பேன். எதுவும் தேறவில்லை. அந்த ஆண்டோடு கால நீட்டிப்பும் முடிகிறது. ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

அப்போதுதான் ஒரு புள்ளி சிக்கியது. பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் சீராக மங்கி, மீண்டும் பிரகாசித்தது. இரண்டு நட்சத்திரங்கள் அவ்வளவு வேகமாக ஒன்றையொன்று சுற்றினால், அதில் ஒன்று நியூட்ரான் நட்சத்திரமாக இருக்கலாம். வழிகாட்டிப் பேராசிரியை கட்டுரையைப் படித்துச் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது.

ரயில் அரக்கோணத்தில் நின்றபோது, வேறு வேலையில்லாமல், மடிக்கணினியில் அதே கணிப்பை அருகிலிருந்த இன்னொரு புள்ளிக்கும் செய்து பார்த்தேன். அது கொத்தைச் சேர்ந்ததே அல்ல. நமக்கும் கொத்துக்கும் இடையில் இருக்கும் சாதாரண நட்சத்திரம். அதிலும் அதே பன்னிரண்டு நிமிடம்.

உடனே புரிந்துவிட்டது. கருவியில் ஓரிடத்துப் பழுது ஒரே புள்ளியைக் கெடுத்துவிடக் கூடாது என்று, அந்தத் தொலைநோக்கியை வேண்டுமென்றே மெல்ல ஆட்டிக்கொண்டே படம் எடுப்பார்கள். என் இரண்டு புள்ளிகளும் பதிவுத் தகட்டின் விளிம்பில் விழுந்திருந்தன. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெளியே போய் உள்ளே வந்தன. நான் கண்டுபிடித்தது தொலைநோக்கியின் ஆட்டத்தை. கையேட்டில் முதல் வருடமே படித்த எச்சரிக்கைதான்.

சொல்லாமல் அனுப்பினால் யாரும் கவனிக்காமல் போகவும் கூடும். திருவள்ளூர் வரை அதைத்தான் யோசித்தேன். பிறகு பேராசிரியைக்குப் போன் செய்து சொன்னேன்.

“நானும் பாக்காம விட்டுட்டேன். அனுப்பாத” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் திருத்தணிக்குத் திரும்பியபோது, வீட்டு வாசலிலேயே நைனா பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்பிடி கீது?”

“அந்த நட்சத்திரம் இல்ல நைனா. என் தப்பு.”

தன் மொட்டைத் தலையைத் தடவினார். “நேத்தே சொல்லியிருந்தா முடியாவது தப்பிச்சிருக்கும்.” பிறகு, “டீக்கடையில அத்தினி பேருகிட்டயும் சொல்லிகினு வந்தேன். இப்ப இன்னா சொல்றது?”

“இல்லன்னு சொல்லுங்க.”

“ஆங், நானு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பானுங்க. நீயே வந்து சொல்லு.”

மறுநாள் காலை போய்ச் சொன்னேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “அப்ப மேல ஒன்னியும் இல்லீங்களா?”

“இருக்கலாங்க. எங்களுக்குத் தெரியற அளவுக்கு வெளிச்சம் இல்ல.”

அதே பதிலைத்தான் கடைசியில் கட்டுரையாக எழுதினோம்: இந்த அளவைவிடப் பிரகாசமான நியூட்ரான் நட்சத்திரம் அந்தக் கொத்தில் இல்லை. இன்னொரு நீட்டிப்புக்குக் கெஞ்சி, ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினேன். இப்போதும் திரையில் ஏதாவது சீராகத் துடித்தால், சந்தோஷத்துக்கு முன்னால் களைப்புதான் வருகிறது. அது வானத்தில் இருக்கிறதா, நாங்கள் வைத்த கண்ணில் இருக்கிறதா என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாக வேண்டும்.